சைக்ஸ் என்னும் குடும்பப் பெயர்: ஓர் ஆங்கிலப் பெயரின் ஊற்றையும் பரவலையும் தேடிச் செல்ல முழுமையான வழிகாட்டி

ஆங்கிலேயக் குடும்பப் பெயர் ஒன்றின் வரலாற்றைத் தேடத் தொடங்குபவர்களில் பலர் பெயரகராதியைத் திறந்து, அங்கே கிடைக்கும் இரண்டு வரிப் பொருளோடு திருப்தியடைந்து நின்றுவிடுகிறார்கள். அந்தப் பெயர் எந்த மண்ணில், எந்த நூற்றாண்டில், எந்தக் குடும்பத்தைப் பற்றிக்கொண்டது, பிறகு எந்தத் தொழிலின் வழியாகவும் எந்தச் சாலையின் வழியாகவும் வெளியே சென்றது என்ற கேள்விகளுக்கு அந்த இரண்டு வரியில் விடை இருப்பதில்லை. விடை இருக்கும் இடம் ஊரும் அந்த ஊரின் ஆவணங்களும்தான். பொருளைவிட இடமே அதிகம் பேசும் என்பதை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டியைப் படிக்க வேண்டுகிறேன்.

எடுத்துக்காட்டாக இங்கே சைக்ஸ் என்ற பெயரைக் கொள்கிறேன். இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரின் பழைய மூன்று பிரிவுகளுள் ஒன்றான மேற்கு ரைடிங் பகுதியில் வேரூன்றிய பெயர் இது. நிலவியல், துணி நெசவு, இடைக்கால வரிப் பதிவேடுகள், மரபணு ஆய்வு ஆகிய நான்கும் ஒரே பெயரின் மேல் இவ்வளவு தெளிவாகச் சந்திப்பது அரிது. வேறு பெயரைத் தேடுபவரும் இதே வரிசையில் செல்லலாம்.

தொடங்கும் முன்: குடும்பப் பெயர் எப்போது நிலைத்தது?

தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, ஒரே பெயர் எழுநூறு ஆண்டுகள் தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வருவது புதுமையாகத் தோன்றலாம். இங்கிலாந்திலும் அது தொன்றுதொட்டு இருந்த வழக்கமன்று. 1066-ல் நார்மானியர்கள் வரும்வரை அந்நாட்டு மக்களுக்குப் பொதுவாக ஒரே பெயர்தான் இருந்தது. நார்மானியப் பிரபுக்களே தங்கள் நிலங்களின் பெயரைப் பரம்பரைப் பெயராகக் கொள்ளத் தொடங்கினார்கள். அவ்வழக்கம் தெற்கிலிருந்து வடக்காகவும், செல்வந்தரிடமிருந்து எளியவராகவும் மெல்லப் பரவியது. தெற்கில் 1350 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் அது முழுமையடைய மேலும் ஒரு நூற்றாண்டு ஆனது.

அப்படி நிலைத்த பெயர்களைத் தந்தை அல்லது தாயின் பெயரால் வந்தவை, தொழிலால் வந்தவை, பட்டப்பெயர்கள், இடத்தால் வந்தவை என்று நான்காகப் பிரிப்பது வழக்கம். தாயின் பெயரால் வந்தவை குறைவு என்றாலும் சைக்ஸின் பக்கத்து ஊரிலேயே ஒன்று உண்டு. லின்த்வெயிட் என்னும் ஊரில் 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டயனிசியா என்ற பெண்மணியின் சுருக்கப் பெயரோடு மகனைக் குறிக்கும் விகுதி சேர்ந்துதான் டைசன் என்ற பெயர் அப்பகுதியில் உருவானது என்று யார்க்ஷயர்ப் பெயர்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ் காட்டியிருக்கிறார். சைக்ஸ் இடத்தால் வந்த வகையைச் சேர்ந்தது.

முதல் படி: பெயரை வரைபடத்தில் வையுங்கள்

பொருளைத் தேடுவதற்கு முன்பே பரவலைப் பார்த்துவிட வேண்டும். இதற்குச் சிறந்த அடித்தளம் 1881-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தன்னார்வலர்களின் உழைப்பால் அது முழுவதும் பெயர்வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும் இடப்பெயர்வுகளுக்கு முன்பு எடுக்கப்பட்டதால் பழைய குடியிருப்பின் சாயல் அதில் இன்னும் மங்காமல் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 1881-ஆம் ஆண்டின் பரவலையும் இக்காலப் பரவலையும் பக்கம் பக்கமாகக் காட்டும் பெயர் வரைபடங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

வரைபடத்தைப் படிக்கும்போது மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். லண்டனில் எல்லாப் பெயர்களும் உண்டு; அங்கே ஒரு பெயரை நூறு பேர் தாங்கியிருப்பது பெரிய செய்தியன்று. அந்த ஊரின் மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் அப்பெயரைத் தாங்கினார்கள் என்ற விகிதமே பயன்படும். சைக்ஸ் பெயருக்கு இப்படிப் பார்த்தால் நிறம் அடர்வது ஹடர்ஸ்ஃபீல்டு நகரைச் சுற்றியுள்ள மேற்கு ரைடிங் ஊர்களில், அதிலும் அந்நகருக்குத் தென்மேற்கே கோல்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில். ஸ்லேத்வெயிட், கோல்கர் போன்ற ஊர்கள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து மலைமுகட்டைத் தாண்டினால் சேடில்வொர்த்.

இங்கே ஓர் எல்லைச் சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். சேடில்வொர்த் இன்று கிரேட்டர் மான்செஸ்டரில் இருக்கிறது. 1974 வரை யார்க்ஷயரின் பகுதியாக இருந்தது. மலைக்கு மேற்குச் சரிவில் இருந்தாலும் அதன் பழைய ஆவணங்களில் பல யார்க்ஷயர்த் தொகுப்புகளில்தான் கிடைக்கும். இன்றைய நிர்வாக எல்லையை நம்பித் தேடுபவர் தவறான காப்பகத்தில் நாட்களைக் கழிப்பார். எந்த ஊரைத் தேடினாலும், தேடும் நூற்றாண்டில் அது எந்த மாவட்டத்திலும் எந்தத் திருச்சபை வட்டத்திலும் இருந்தது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பொருளை அந்த நிலத்தோடு பொருத்திப் பாருங்கள்

சைக் என்பது வடக்கு வட்டாரப் பேச்சில் ஈரமான தாழ்நிலத்தின் வழியே ஓடும் சிற்றோடையைக் குறிக்கும் சொல். பல இடங்களில் இத்தகைய ஓடை இரண்டு நிலங்களுக்கு எல்லையாகவும் இருந்தது. அதன் கரையில் வீடு கொண்டவர் அந்த ஓடையால் அறியப்பட்டார். இதே சொல் தெற்கு வட்டாரங்களில் 'ச்' ஓசையோடு முடியும். அங்கிருந்து சிட்ச் என்ற வேறு குடும்பப் பெயர் பிறந்தது. ஆகவே 'க்' ஓசையோடு முடியும் வடிவம் தானே ஒரு வடதிசைச் சான்று.

ஆனால் சிற்றோடை இல்லாத ஊர் பென்னைன் மலைச்சரிவில் ஏது? இந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ந்தவர்கள், சைக்ஸ் பல ஊர்களில் பல குடும்பங்களுக்குத் தனித்தனியாக வந்த பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் கருதினார்கள். அது நியாயமான ஊகமே. பிறகு அது எப்படி அசைக்கப்பட்டது என்பதை மரபணு பற்றிய படியில் காண்போம்.

வரைபடத்தில் அதே பெயரில் ஓர் ஊரைக் கண்டதும் அதையே பூர்விகம் என்று கொள்வது தொடக்கநிலைத் தேடுநர்கள் எளிதில் செய்யும் பிழை. வட இங்கிலாந்திலேயே போலண்ட் என்னும் காட்டுப் பகுதியில் சைக்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆனால் 1881-ன் அடர்த்தி அங்கே இல்லை. வெகு தொலைவில், தென்கிழக்கே ஹடர்ஸ்ஃபீல்டில் இருக்கிறது. ஊர்ப்பெயரின் ஒற்றுமைக்கு ஆவணத் தொடர்ச்சி துணை நிற்கவில்லை என்றால் அதை ஒதுக்கி வைப்பதே முறை.

பெயரகராதியைப் புரட்ட இதுவே சரியான தருணம். 2016-ல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதியில் 45,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பழைய அகராதிகளைவிட அது சிறந்தது என்பதற்குக் காரணம், பெயரின் சொற்பொருளோடு நில்லாமல், முற்கால ஆவணங்களில் அது வந்த இடங்களையும் 1881-ன் பரவலையும் சேர்த்து எடைபோடுவதுதான்.

மூன்றாம் படி: இன்றிலிருந்து 1837 வரை பின்னோக்கி நடங்கள்

தேடல் எப்போதும் தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கியே செல்ல வேண்டும். இடைக்காலத்தில் ஒரு பெயரைக் கண்டுபிடித்து அங்கிருந்து கீழே இறங்கி நம் குடும்பத்தோடு முடிச்சுப் போட முயல்பவர்கள், விரும்பிய மூதாதையரை அடைவார்களே தவிர உண்மையான மூதாதையரை அடைய மாட்டார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. பிறப்புச் சான்றிதழில் தாயின் கன்னிப் பெயர் இருக்கும். திருமணச் சான்றிதழில் இருவரின் தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். இவற்றைக் கொண்டு ஒவ்வொரு தலைமுறையாக ஏறலாம். பதிவு செய்யத் தவறினால் தண்டம் என்ற கண்டிப்பு 1875-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பிறப்புகள் சில பதிவேட்டில் இல்லாமல் இருப்பது இயல்பு.

சான்றிதழ்களோடு கணக்கெடுப்பை இணைத்துப் படியுங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட இக்கணக்கெடுப்புகளில் 1841-ஆம் ஆண்டினது பெயர்வாரியாகப் பயன்படும் முதலாவது. ஆனால் அதில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயது பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. வீட்டிலுள்ளவர்களுக்கிடையே உள்ள உறவு குறிக்கப்படவில்லை. பிறந்த ஊருக்குப் பதிலாக அதே மாவட்டத்தில் பிறந்தவரா என்பது மட்டுமே கேட்கப்பட்டது. 1851-ல்தான் பிறந்த ஊர் முதன்முறையாகத் தெளிவாக வருகிறது. எனவே 1790-களில் பிறந்த ஒருவர் 1851 வரை உயிரோடு இருந்தாரா என்று பார்ப்பது மிகவும் பயனுள்ள தேடல். அந்த ஒற்றைப் பதிவு அவரைப் பழைய திருச்சபைப் பதிவேட்டோடு இணைத்துவிடும். 1931-ன் கணக்கெடுப்புத் தாள்கள் தீயில் அழிந்தன. 1941-ல் போரின் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை 1939-ல் எடுக்கப்பட்ட தேசியப் பதிவேடு ஓரளவு நிரப்புகிறது.

சைக்ஸ் போன்று ஒரே பகுதியில் திரண்ட பெயருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் எழும். ஒரே பள்ளத்தாக்கில், ஒரே ஆண்டுகளில், ஒரே கிறிஸ்தவப் பெயரோடு பல ஜான் சைக்ஸ்கள் இருப்பார்கள். ஊர்மக்களுக்கே இது குழப்பம் தந்ததால், தந்தை பாட்டன் பெயர்களைச் சங்கிலியாகக் கோத்து அழைக்கும் வழக்கம் அந்த மலைப்பகுதியில் இருந்தது. சேடில்வொர்த் மேட்டுநிலத்தில் இருந்த ஒரு விடுதி, ஜாக்கின் மகன் பில்லினுடையது என்ற பொருளில், 'பில்ஸ் ஓ ஜாக்ஸ்' என்றே அறியப்பட்டது. பதிவேடு எழுதியவர்கள் இந்தச் சங்கிலிப் பெயர்களைப் பெரும்பாலும் குறிக்கவில்லை. ஆகவே தொழில், பண்ணை வீட்டின் பெயர், மனைவியின் பெயர், திருமணச் சாட்சிகள் ஆகிய நான்கையும் சேர்த்து வைத்து ஒவ்வொரு ஜானையும் பிரித்தறிய வேண்டும். ஒரே ஊரில் உள்ள அப்பெயருக்குரிய எல்லாக் குடும்பங்களையும் ஒரே தாளில் வரைந்து, தனக்குத் தேவையற்ற ஜான்களின் இறப்பையும் தேடிக் கழித்துவிடுவதே நம்பத்தக்க முறை. இது நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் இதைத் தவிர்த்துக் கட்டப்படும் வம்சாவளி எதையும் நான் நம்பத் துணியமாட்டேன்.

நான்காம் படி: திருச்சபைப் பதிவேடுகள், 1538 முதல் 1837 வரை

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-ல் இட்ட ஆணைப்படி ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியத் தொடங்கியது. 1598-ல் பழைய தாள் ஏடுகளைத் தோலேட்டில் படியெடுக்கும்படி கட்டளை வந்தபோது, முதலாம் எலிசபெத் ஆட்சிக்கு வந்த 1558-லிருந்து எழுதினால் போதும் என்ற இசைவும் கிடைத்தது. அதனால்தான் பல ஊர்களின் பதிவேடு 1558-ல் தொடங்குகிறது. அதே காலம் முதல் ஆண்டுதோறும் ஒரு படி ஆயரின் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. மூல ஏடு சிதைந்திருந்தால் அந்தப் படியைத் தேடலாம்.

உள்நாட்டுப் போரின் காலமான 1640-கள் முதல் 1660 வரை பல பதிவேடுகளில் இடைவெளி விழுந்திருக்கும். 1754 முதல் திருமணங்கள் தனிப் படிவத்தில் கையொப்பத்தோடு பதியப்பட்டன. 1813 முதல் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் கட்டாயமாயின. மேலும் 1752 வரை இங்கிலாந்தின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. பதிவேட்டில் 1700 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1701 பிப்ரவரி. இதை மறந்தால் மணம் முடிக்கும் முன்பே குழந்தை பிறந்ததாகவும், இறந்த பின் தந்தையானதாகவும் வீணான புதிர்கள் முளைக்கும்.

மேற்கு ரைடிங்கின் திருச்சபை வட்டங்கள் மிகப் பெரியவை. ஹாலிஃபாக்ஸ் வட்டம் இங்கிலாந்திலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஸ்லேத்வெயிட் போன்ற ஊர்களில் இருந்தவை தாய்த் தேவாலயத்துக்குக் கீழ்ப்பட்ட துணை ஆலயங்கள். ஒரே குடும்பத்தில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானம் துணை ஆலயத்திலும் திருமணம் தாய்த் தேவாலயத்திலும் நடந்திருக்கும். ஆகவே ஹடர்ஸ்ஃபீல்டு, ஆல்மண்ட்பரி ஆகியவற்றின் பதிவேடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலிக்கன் சபையிலிருந்து விலகிய பிரிவினரும் இப்பகுதியில் மிகுதி. 18-ஆம் நூற்றாண்டில் ஒரு குடும்பம் பதிவேட்டிலிருந்து திடீரென மறைந்தால் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன், அருகிலுள்ள பிரிவினைச் சபைகளின் ஏடுகளைப் பாருங்கள். அவற்றுள் பல 1837-க்குப் பின் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு இப்போது லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எழுத்து வேறுபாடுகளையும் இங்கே எதிர்கொள்வீர்கள். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். சைக், சைக்ஸ், சிக்ஸ் என்று ஒரே மனிதரின் பெயர் மூன்று விதமாக வரும். நடுவிலுள்ள உயிரெழுத்தும் மாறும். ஊர்ப்பெயர்களிலும் இதே நிலை. ஸ்லேத்வெயிட்டை உள்ளூர் மக்கள் 'ஸ்லாவிட்' என்றே சொல்வார்கள். வெளியூர் எழுத்தர் ஒருவர் அதை எப்படி எழுதியிருப்பார் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேட வேண்டும்.

ஐந்தாம் படி: உயில், அடுப்பு வரி, நிலக்கிழார் நீதிமன்றம்

பதிவேடு பெயரைத் தரும்; உறவைத் தருவது உயில். 1858-க்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்டன. யார்க்ஷயர்க் குடும்பங்களின் உயில்களில் மிகப் பெரும்பகுதி யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் நிறுவனத்தில் இருக்கிறது. தறிகள், கம்பளி, மாடு, குத்தகை நிலம் ஆகியவை யாருக்கு என்று ஒரு நெசவாளர் எழுதிவைத்த நான்கு வரிகள், பதிவேட்டில் நூறு பதிவுகள் சேர்ந்தும் தராத குடும்ப அமைப்பைத் தந்துவிடும்.

1662 முதல் 1689 வரை வசூலிக்கப்பட்ட அடுப்பு வரியில் ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் விதிக்கப்பட்டது. குடும்பத் தலைவரின் பெயரும் அடுப்புகளின் எண்ணிக்கையும் ஊர்வாரியாக இருப்பதால், உள்நாட்டுப் போருக்குப் பிந்திய ஒரு பரவல் வரைபடத்தை இதைக் கொண்டே வரையலாம். 1881-ன் வரைபடத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளில் பெயர் பெருகியிருக்கும். ஆனால் அதன் மையம் பெரிதாக நகர்ந்திருக்காது. வட இங்கிலாந்தின் பல பெயர்களுக்கு இப்படி நேர்வதைக் காணும்போது உண்டாகும் வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

1538-க்கு முன்னே செல்லப் பெரும்பாலான இங்கிலாந்து ஊர்களுக்கு வழி குறுகிவிடும். மேற்கு ரைடிங் இதில் பேறு பெற்றது. வேக்ஃபீல்டு நிலக்கிழாரின் நீதிமன்றச் சுருள்கள் 1274 முதல் 1925 வரை ஏறத்தாழ இடையறாது கிடைக்கின்றன; அவை இப்போது லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் உள்ளன. நிலம் கைமாறும்போது மகன் செலுத்திய கட்டணம், வேலி மீறிய மாடு, கடன் வழக்கு, அடிதடி என்று அன்றாட வாழ்க்கை முழுதும் லத்தீனில் அங்கே பதிந்திருக்கிறது. ஒரு நிலத்தைத் தந்தைக்குப் பின் மகன் அதே பெயரோடு பெற்றான் என்ற பதிவே அந்தப் பெயர் பரம்பரைப் பெயராகிவிட்டது என்பதற்குச் சான்று. சுருள்களில் பல பகுதிகள் மொழிபெயர்ப்போடு அச்சாகியுள்ளன; லத்தீன் தெரியாதவரும் தொடங்கலாம். கோல்ன் பள்ளத்தாக்கு முழுவதும் இந்த நிலக்கிழாரின் கீழ் இருக்கவில்லை என்பதால், உங்கள் ஊர் யாருடைய ஆளுகையில் இருந்தது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்லேத்வெயிட்டுக்குப் பிற்காலத்தில் டார்ட்மத் பிரபுவின் பண்ணை ஆவணங்கள் உதவும்.

ஆறாம் படி: 1379-ன் தலைவரி

1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சுப் போரின் செலவுக்காக அரசு தலைவரி விதித்தது. மூன்றாவது வரியே 1381-ன் பெரும் விவசாயிகள் கிளர்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று. மேற்கு ரைடிங்கின் 1379 பட்டியல் மிக நன்றாகத் தப்பிப் பிழைத்து, 19-ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறியது. எளிய மக்கள் 4 பென்ஸ் செலுத்தினார்கள். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே தொகை. தனியாக வாழ்ந்த பெண்களும் வேலையாட்களும் தம் பெயரிலேயே இடம்பெற்றார்கள்.

இந்தப் பட்டியலில் ஓடைக்கரைக் குடும்பங்கள் 'டெல் சைக்' என்ற முன்னொட்டோடு வருகின்றன. முன்னொட்டு இருக்கும்வரை அது முகவரியாகவும் இருக்கலாம், பரம்பரைப் பெயராகவும் இருக்கலாம். அடுத்த நூற்றாண்டில் முன்னொட்டு உதிர்ந்து, இறுதியில் 'ஸ்' ஒட்டி நிற்கும்போது ஐயம் தீர்கிறது. ஆகவே 1379-ல் ஒரு பெயரைக் கண்டவுடன் மூதாதையரைக் கண்டுவிட்டோம் என்று மகிழ்ந்துவிடாமல், அதே ஊரில் 1430, 1480, 1520 என்று பெயர் தொடர்ந்து வருகிறதா என்பதை நிலக்கிழார் சுருள்களிலும் உயில்களிலும் சரிபார்க்க வேண்டும். தொடர்ச்சி அறுந்தால் அந்தக் கிளை அழிந்திருக்கலாம். 1348, 1349-ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய்க்கும் அதைத் தொடர்ந்த அலைகளுக்கும் எத்தனையோ இளம் பெயர்கள் பிறந்த ஊரிலேயே மடிந்தன.

ஏழாம் படி: ஒரு பெயர் ஏன் பெருகியது என்று கேளுங்கள்

ஒரே காலத்தில் தோன்றிய இரண்டு பெயர்களில் ஒன்று ஆயிரக்கணக்கானவர்களிடம் வாழ, மற்றொன்று மறைந்துபோவது ஏன்? 1870-களில் ஃபிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் இதைக் கணிதமாகவே எடுத்து ஆராய்ந்தார்கள். மகன்கள் இல்லாத ஒரே தலைமுறை போதும், ஒரு கிளை அறுந்துவிடும். தற்செயலே பல பெயர்களை அழிக்கிறது. எஞ்சிய சிலவற்றை அதே தற்செயல் பெருக்குகிறது.

சைக்ஸ் விஷயத்தில் தற்செயலோடு பொருளாதாரமும் சேர்ந்தது. கோல்ன் பள்ளத்தாக்கின் மண் ஏழ்மையானது. ஆனால் ஒவ்வொரு பண்ணை வீட்டின் மேல்மாடியிலும் தறி இருந்தது. சிறு நிலத்தில் ஓட்ஸும் பாலும், வீட்டுக்குள் கம்பளி நூற்பும் நெசவும் என்ற இரட்டை வாழ்வாதாரம் இருந்ததால், நிலம் இல்லாத இளைய மகனும் ஊரைவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் ஏற்படவில்லை. தெற்கின் தானியச் சமவெளிகளில் இளைய மகன்கள் சிதறிப்போன காலத்தில், இங்கே அவர்கள் பக்கத்து மேட்டில் ஒரு குடிசை கட்டித் தறி போட்டு அங்கேயே பிள்ளை பெற்றார்கள். பின்னர் நீராலும் நீராவியாலும் இயங்கிய ஆலைகள் அதே பள்ளத்தாக்கின் அடியில் எழுந்தபோது, மேட்டிலிருந்த குடும்பங்கள் சில மைல்களே இறங்கி வந்தன. பெயர் பெருகியும் நகராமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். எந்தப் பெயரைத் தேடுபவரும் அந்தப் பகுதியின் தொழில் வரலாற்றைப் படிக்காமல் இந்தப் படியைக் கடக்கக் கூடாது.

எட்டாம் படி: மரபணுச் சான்று, அதன் வலிமையும் வரம்பும்

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்கிறது. இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அதே வழியில் செல்கிறது. இரண்டும் இணையாகப் போகின்றனவா என்று முதன்முதலில் தெளிவாகச் சோதித்தது சைக்ஸ் பெயரில்தான். ஆக்ஸ்போர்டு மரபணு அறிஞர் பிரையன் சைக்ஸுக்கு, மருந்து நிறுவனமொன்றின் தலைவராயிருந்த சர் ரிச்சர்ட் சைக்ஸ் தம் உறவினரா என்ற கேள்வி எழுந்தது. இருவரின் மாதிரிகளும் ஒத்துப்போயின. அதன்பின் பிரையன் சைக்ஸ் என்ற பெயருள்ள மற்ற ஆண்களுக்குக் கடிதம் எழுதி மாதிரிகளைத் திரட்டினார். 2000-ல் வெளியான ஆய்வில் 48 பேரின் மாதிரிகள் நான்கு குறியிடங்களில், அதாவது ஒப்பிடுவதற்காகத் தேர்ந்த குரோமோசோம் இடங்களில், அளக்கப்பட்டன. ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஒரே அமைப்பு இருந்தது. அதே பகுதியைச் சேர்ந்த, வேறு பெயருள்ள ஒப்பீட்டு மாதிரிகளில் அது காணப்படவில்லை. பல ஊற்றுகள் என்று கருதப்பட்ட பெயருக்கு ஒரே மூதாதையர் இருந்திருக்கக் கூடும் என்ற முடிவு அங்கே பிறந்தது. ஒத்துப்போகாத மறுபாதியை, எழுநூறு ஆண்டுகளில் தலைமுறைக்குச் சராசரியாக 1.3 விழுக்காடு என்ற அளவில் நேர்ந்த தந்தைவழி மாற்றங்களால் விளக்கிவிடலாம் என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது.

அந்த முடிவை மதிப்போடும் நிதானத்தோடும் ஏற்க வேண்டும். நான்கு குறியிடங்கள் இன்றைய அளவுகோலில் மிகக் குறைவு. இப்போது 37, 67, 111 என்று குறியிடங்களை அளக்கும் சோதனைகளும், குரோமோசோமின் பெரும்பகுதியை வரிசையாகப் படிக்கும் சோதனைகளும் உண்டு. ஒத்துப்போகாதவர்களில் சிலர் வேறொரு ஓடைக்கரையில் தனியே தோன்றிய சைக்ஸ்களின் வழித்தோன்றல்களாகவும் இருக்கலாம். தத்தெடுப்பு, விதவையின் மறுமணம், தாயின் பெயரை ஏற்ற மகன், சொத்துக்காகப் பெயர் மாற்றிய மருமகன் ஆகிய எல்லாமே பெயரையும் குருதியையும் பிரிக்கும். அவற்றில் இழுக்கு எதுவும் இல்லை.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டுரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு 40 குடும்பப் பெயர்களையும் 1,678 ஆண்களையும் கொண்டது. பெயர் அரிதாக இருந்தால் பொது மூதாதையர் இருக்கும் வாய்ப்பு கூடும். ஸ்மித் போன்று எங்கும் உள்ள பெயரில் இரண்டு பேர் உறவினராக இருக்கும் வாய்ப்பு, தெருவில் போகும் யாரோ இரண்டு பேருக்கு உள்ளதைவிட அதிகமில்லை என்று அது காட்டியது. சோதனை எடுப்பவர் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆவணத்தில் இரண்டு கிளைகள் ஒரே ஊரில் இருந்து, அவை சேருமா என்ற திட்டமான கேள்வி இருந்தால், ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஓர் ஆணைச் சோதிப்பது பலன் தரும். கேள்வியில்லாமல் எடுக்கும் சோதனை எண்களை மட்டுமே தரும்.

ஒன்பதாம் படி: வெளியே சென்ற கிளைகளைப் பின்தொடருங்கள்

பரவலை ஆராயும்போது துணி வணிகத்தின் சாலையே முதலில் தென்படுகிறது. லீட்ஸில் துணி வணிகராகச் செழித்த ஒரு சைக்ஸ் கிளை, பிறகு ஹல் துறைமுகத்தில் பால்டிக் கடல் வணிகத்தில் ஈடுபட்டு, திருமணத்தின் வழியே ஸ்லெட்மியர் பண்ணையைப் பெற்று, 1783-ல் பேரோனெட் என்னும் பரம்பரைப் பட்டமும் அடைந்தது. 1916-ல் பிரெஞ்சுத் தூதர் பிக்கோவோடு மேற்காசியாவைப் பங்கிட்ட ஒப்பந்தத்தால் அறியப்படும் சர் மார்க் சைக்ஸ் இந்த வீட்டவர். அதே பெயர், அதே மாவட்டம் என்பதால் கோல்ன் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு நெசவாளரையும் இந்த வீட்டோடு இணைத்துவிட முடியாது. குலச்சின்னம் விற்கும் கடைகள் இப்படி இணைத்துத்தான் பிழைக்கின்றன. இங்கிலாந்தின் முறைப்படி குலச்சின்னம் குறிப்பிட்ட மனிதருக்கும் அவர் வழியினருக்கும் உரியது. ஒரு பெயரைத் தாங்கும் எல்லோருக்கும் உரியதன்று.

இந்தியாவுக்கு வந்த கிளைகளும் உண்டு. டியூஸ்பரிக்கு அருகிலுள்ள தார்ன்ஹில்லில் 1732-ல் பிறந்த ஃபிரான்சிஸ் சைக்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, கிளைவின் நண்பராக முர்ஷிதாபாத்தில் அதிகாரம் செலுத்தி, பெருஞ்செல்வத்தோடு திரும்பி பாசில்டன் பார்க் மாளிகையைக் கட்டினார். வங்காளம் வறுமையில் ஆழ்ந்த ஆண்டுகளில் சேர்த்த செல்வம் அது என்பதை இந்தப் பெயரின் வரலாற்றை எழுதுபவர் விட்டுவிடக் கூடாது. பிராட்ஃபோர்டுக்கு அருகில் 1790-ல் பிறந்த வில்லியம் ஹென்றி சைக்ஸ், பம்பாய்ப் படையில் பணியாற்றிய காலத்தில் தக்காணத்தின் பறவைகளையும் மீன்களையும் விலங்குகளையும் விவரித்தார். குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வரும் ஒரு சிறு கதிர்க்குருவி இனம் இன்றும் ஆங்கிலத்தில் இவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அமெரிக்காவுக்குச் சென்ற கிளைகளைத் தேடும்போது எழுத்து மாற்றத்தை மறக்கக் கூடாது. 17-ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிய குடும்பம் நடுவில் வேறு உயிரெழுத்தைக் கொண்டு எழுதியது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களிடையேயும் இப்பெயர் உண்டு. அங்கே 1870-க்கு முந்திய கணக்கெடுப்புகளில் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை என்பதால், பண்ணை ஆவணங்களும் விற்பனைப் பத்திரங்களுமே வழி. உடைமையாளரின் பெயரை ஏற்றிருக்கலாம், ஏற்காமலும் இருந்திருக்கலாம் என்ற இரு வாய்ப்புகளையும் திறந்தே வைத்துத் தேட வேண்டும்.

டான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரிலும் புகழ்பெற்ற சைக்ஸ் குடும்பம் ஒன்று இருக்கிறது. போர்த்துக்கீசியக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியப் படையோடு வந்த சைக்ஸ் ம்புவானே என்ற வீரரின் வழியில் வந்தது அது. அவருடைய மகன் கிளைஸ்ட் சைக்ஸ் 1929-ல் ஆப்பிரிக்கர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். பேரர்கள் அப்துல்வாஹித், அலி ஆகியோர் 1954-ல் ஜூலியஸ் நியரேரேயோடு விடுதலைக் கட்சியைத் தொடங்கியவர்களில் இருந்தார்கள். இந்தக் குடும்பத்தின் பெயர் அந்த வீரரின் சொந்தப் பெயரிலிருந்து வந்தது; கோல்ன் பள்ளத்தாக்கின் வம்சாவளியில் இதற்கு இடமில்லை. உலகப் பரவல் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் கண்டவுடன் யார்க்ஷயரிலிருந்து அதற்கு ஒரு கோடு இழுக்கும் முன், அந்த ஊரின் வரலாற்றை அவ்வூர் மக்களின் ஆவணங்களிலிருந்தே படித்துவிடுங்கள். கோடு இல்லாத இடத்தில், இல்லை என்றே உங்கள் குறிப்பேட்டில் எழுதி, பார்த்த ஆவணத்தின் பெயரையும் தேதியையும் அதன் அருகே பதிந்துவையுங்கள்.